தோளில் போன வீடும் டோலோவின் சேவலும்

ஊரே மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடும் லூமிங் மூன்று வாரமாக வீட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை. மீன்காரி வந்தால் ஜன்னல் வழியாகக் கூடையைக் கயிற்றில் இறக்குவாள். காரணம் ஊருக்கே தெரியும். அப்பன் செத்ததும் அவள் தம்பி டோலோ, கால்கள்மேல் நிற்கும் அந்த மூங்கில் வீடு தனக்கென்று கிளம்பினான். ஊர்த் தலைவரான கேப்டன் பசிலியோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வழக்கு தீர்ற வரைக்கும் உள்ள இருக்கிறவ கையிலதான் வீடு. அவளை யாரும் வெளிய தள்ளக் கூடாது."

வீடு நிற்கும் மண் தோப்புக்காரருடையது. ஆகச் சொத்து என்றால் அந்த நாலு சுவரும் ஓலைக் கூரையும்தான். படுக்கையில் கிடந்த அப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் லூமிங். டோலோ அங்கே வந்துபோனதெல்லாம் தன் சண்டைச் சேவலைப் பார்க்க. அதை விற்றாயிற்று என்று பெண்டாட்டி சாலிங்கிடம் சத்தியம் செய்துவிட்டு, அக்கா வீட்டுச் சமையல் மூலையில் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை மூங்கில் கழிகளோடு இருபது பேரைக் கூட்டிவந்தான்.

"என்னடா இது?"

"கேப்டன் தள்ளக் கூடாதுன்னுதானே சொன்னாரு மனாங்? நான் தள்ளல. தூக்கிட்டுப் போறேன். நீ பாட்டுக்கு உள்ளயே இரு."

கடற்கரையில் அவனுக்குத் துண்டு நிலம் உண்டு. அங்கே இறக்கிவிட்டால் மண்ணும் அவனது, வீடும் அவனது. பீர்க்கடை போடுவான், அக்கா கிளாஸ் கழுவலாம்.

எங்கள் பக்கம் வீடு தூக்கக் கூலி கிடையாது. வீட்டுக்காரர் சோறு போடுவார், அவ்வளவுதான். கஞ்சனான டோலோ, "அங்க போய் இறக்குங்க, அப்புறம் சாப்பாடு" என்றுவிட்டான்.

தரைக்கடியில் கழிகளைக் கட்டி இருபது பேரும் தோள் கொடுக்க, வீடு எழும்பியது. சுவரில் மாதா படம் ஆட, லூமிங் தூணைக் கட்டிக்கொண்டாள். கோயிலைத் தாண்டும்போது கவிழ்ந்த கூடை உருண்டு வந்து அவள் காலில் முட்டியது. சேவல் அவளைப் பார்த்தது. அவளும் சேவலைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து புகை வந்தது.

"மனாங்! ஓலைக் கூரை! பத்திக்கும்!"

"பத்திக்கிட்டா போட்டுட்டு ஓடுங்க. இல்லன்னா மெதுவா நடங்க, உலை ததும்புது!"

இஞ்சி வாசனை மூங்கில் தரையின் இடுக்கு வழியாக இருபது தலைகளிலும் இறங்கியது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் படாத வயிறுகள். வீடு தானாகவே நடை தளர்ந்து, சந்தை முனையில் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் பஸ் ஹார்ன் அலற, ஜன்னல் வழியாகக் கிண்ணம் கிண்ணமாகக் கோழிக்கஞ்சி இறங்கியது.

சத்தம் கேட்டு கேப்டன் வந்தார். "யாரு போட்ட கஞ்சி?"

"மனாங் லூமிங் போட்டது."

"அப்ப வீட்டுக்காரி யாரு?"

வாய் நிறையக் கஞ்சி. இருபது கரண்டிகள் ஜன்னலைக் காட்டின.

"கூப்பிட்டது நான்!" என்று குதித்தான் டோலோ.

"கூப்பிட்டவன்லாம் வீட்டுக்காரன்னா, கோயில் மணி அடிக்கிறவன்தான்டா பாதிரியாரு."

டோலோவின் கண் ஒரு கிண்ணத்தில் விழுந்தது. மஞ்சள் கால். அதில் கத்தி கட்டிய தழும்பு.

"ஐயோ! இது என்னோட..."

"உன்னோட என்ன?" என்றாள் சாலிங். புருஷன் வீடு கொண்டுவரும் அழகைப் பார்க்கக் கடற்கரையிலிருந்து எதிரே நடந்து வந்திருந்தாள், பாவம்.

லூமிங் ஜன்னலில் சாய்ந்தாள். "சொல்லுடா டோலோ. சேவல் உன்னோடதுன்னா கஞ்சி உன்னோடது. கஞ்சி உன்னோடதுன்னா வீடும் உனக்குத்தான். ஊரே சாட்சி. சொல்லு."

டோலோ வீட்டைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"யாரு சேவலோ, எனக்கென்ன தெரியும்."

"கேட்டுக்கிட்டீங்களா? வீட்டுக்காரி சொல்ற இடத்துல கொண்டுபோய் இறக்குங்கப்பா" என்றார் கேப்டன்.

வீடு பழைய இடத்துக்கே திரும்பியது. வயிறு நிறைந்த மயக்கத்தில் முன்பின் மாற்றி வைத்துவிட்டார்கள். இப்போது அவள் அடுப்படி தெருவைப் பார்த்து நிற்கிறது. அவள் என்ன சமைக்கிறாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாரும் போனபின் லூமிங் கீழே இறங்கினாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக. அடிக்கஞ்சியை, போகாமல் வாசலில் நின்ற தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

"எப்படிடா இருக்கு?"

"கறி கொஞ்சம் முத்தல் மனாங்" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.