சுந்தரலிங்கத்தை நீக்கிய பிறகு

ராயப்பன்பட்டி கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்த எப்சிபா, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததும் முதலில் கம்ப்யூட்டரைத்தான் போடுவாள். 2008-ஆம் வருடம் அது. கால்நடை மருத்துவர்களுக்கென்று அவளும் அவளோடு படித்த சூரியபிரகாஷும் ஒரு மின்னஞ்சல் குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அந்தக் கடிதம் போகும். மலையடிவாரக் கிராமத்தில் தனியாக ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் புது டாக்டர், சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் அனுபவஸ்தரிடம் யோசனை கேட்கலாம். அதற்காகத்தான் ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு முத்துராஜாவின் கடிதம் வந்திருந்தது. படிப்பை முடித்துவிட்டு ஓடைப்பட்டிப் பக்கம் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்த பையன். பஜாரில் இருக்கும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அவசரமாக எழுதியிருந்தான். முந்தின நாள் நன்றாக இருந்த பசு காலையில் செத்துக் கிடக்கிறது. மூக்கிலிருந்து கறுப்பாக ரத்தம் வடிகிறது, உறையவே இல்லை. அறுத்துப் பார்த்து சர்டிபிகேட் கொடுத்தால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று மாட்டுக்காரர் நிற்கிறார். அறுக்கலாமா?

திடீர்ச் சாவு, உறையாத ரத்தம். ஆந்த்ராக்ஸாக இருக்கலாம், ஊரில் அடைப்பான் என்பார்களே, அது. அப்படிச் செத்த மாட்டை அறுக்கவே கூடாது. கத்தி பட்டால் கிருமி மண்ணில் இறங்கிவிடும். அறுத்தவனையும் பிடிக்கும்.

அடுத்த கடிதத்தைத் திறந்தாள். தேவதானப்பட்டி சுந்தரலிங்கம் பதில் எழுதியிருந்தார்.

"அஞ்சு வருசம் காலேஜ்ல என்னத்தப் படிச்ச? பாம்பு கடிச்சிருக்கும். அறுத்துப் பாரு. கத்தியப் பிடிக்கப் பயமா இருந்தா ஆத்தா முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சுக்க. இந்த மாதிரி ஆளுகளுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுத்து வச்சிருக்கான்."

அதன் கீழே நாலைந்து பேர் சிரித்து எழுதியிருந்தார்கள். முத்துராஜா ஒரே வரியில் பதில் போட்டிருந்தான். "சரி சார். அறுத்துட்டு வந்து சொல்றேன்."

அவன் செல்போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். சோற்றை மூடி வைத்துவிட்டு, கையுறை, பஞ்சு, கண்ணாடித் தகடுகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மலையடிவாரச் சாலை முழுக்க அவளுக்கு சுந்தரலிங்கத்தின் ஞாபகம்தான். மனுஷன் பெரிய வைத்தியர், அதில் சந்தேகமே இல்லை. கருப்பை முறுக்கிக்கொண்டு ஒரு எருமை சாகக் கிடந்தபோது, போனிலேயே அவளுக்கு வழி சொல்லித் தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தவர். ஓய்வு பெற்றபின் குழுவே கதியென்று கிடந்தார். ஆனால் யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் பதில் சொல்வார். அவருக்குப் பயந்து பெண் டாக்டர்கள் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். எப்சிபா இரண்டு தடவை தனியாக எழுதிக் கேட்டுக்கொண்டாள். "புடம் போடாம தங்கம் ஏதும்மா?" என்று பதில் வந்தது.

ஓடைப்பட்டியில் விசாரித்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பந்தலுக்கு வெளியே பசு கிடந்தது. சுற்றி ஊரே நின்றது. முத்துராஜா சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறுங்கையில் கத்தியோடு குனிந்திருந்தான்.

"முத்துராஜா! கத்திய எடுங்க! மாட்டு மேல வைக்காதீங்க!"

அவன் நிமிர்ந்தான். முகம் கறுத்திருந்தது. "நீங்களும் திட்டத்தான் வந்தீகளா மேடம்?"

"திட்ட வரல. அடைப்பானா இருக்கும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு. தோணப் போயித்தான கேட்டேன்." அவன் கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. "கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாக. மறுபடியும் போய்க் கேக்கச் சொல்றீகளா?"

கையுறை ஒன்றை அவனிடம் நீட்டினாள். அவன் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். பசுவின் காது நரம்பிலிருந்து லேபுக்கு அனுப்ப ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். ரத்தம் மண்ணில் சிந்தாதபடி மூக்கிலும் வாயிலும் பஞ்சை அடைத்தார்கள்.

மாட்டுக்காரர் சுருளியாண்டி வேலியோரத்திலிருந்து கத்தினார். "என்ன டாக்டரம்மா, அறுக்காமப் பொதைக்கச் சொல்றீக? அப்ப இன்சூரன்ஸ்காரன் எனக்கு என்ன குடுப்பான்? நீங்களா குடுப்பீக?"

"நான் எழுதித் தாரேன் ஐயா. லேப் ரிசல்ட்டை வச்சு நானே பேசுறேன். ஆனா இதை அறுக்க விடமாட்டேன்."

"விடமாட்டேன்னா? யார் மாடு இது?"

அவருடைய மனைவி ராமுத்தாய் குறுக்கே வந்தாள். "நான் காலையில முந்தானையாலதான மாட்டு மூஞ்சியத் தொடச்சுவிட்டேன் தாயி. எனக்கு எதுவும் ஆகிருமோ?"

கூட்டம் சட்டென்று பின்வாங்கியது. சுருளியாண்டி மனைவியின் கையைப் பார்த்தார். விறகு கீறியதில் விரலில் ஒரு வெட்டு இருந்தது. குழி தோண்ட மண்வெட்டி எடுத்துவரப் போனார். முத்துராஜாவே அவளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மாட்டைப் புதைக்கும்வரை எப்சிபா அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் சூரியபிரகாஷுக்குப் போன் செய்தாள்.

"அவரை எடுக்கப் போறேன்."

"அவசரப்படாத எப்சி. அவர் போனா பாதிப் பேரு பின்னாலயே போயிருவாக. ரிசல்ட் வரட்டும். அவர் சொன்னது தப்புன்னா எடுத்துருவோம்."

"ரிசல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சூரியா. அந்தப் பையன் சந்தேகத்தோடயே கத்தியப் பிடிச்சிருந்தான். ஏன்னா இன்னொரு தடவ கேக்க வெக்கம்."

போனை வைத்தாள். அவள் சுந்தரலிங்கத்தின் பெயரை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தாள் என்று நாலு வரியில் குழுவுக்கு எழுதினாள்.

மறுநாள் காலை மருந்தகத்தில் இருக்கும்போது அவர் போன் வந்தது.

"ஏம்மா, என்னிய எடுத்துட்டியாமே?"

"ஆமா சார்."

"ஒன் மேலதிகாரி யாருன்னு தெரியுமா? என் கையிலதான் ஊசி போடக் கத்துக்கிட்டான். ஒரு வார்த்த சொன்னேன்னா நீ ராமநாதபுரத்துல போய்த்தான் மாடு பாக்கணும்."

"சொல்லிக்கோங்க சார்." போனை வைத்துவிட்டு அடுத்த ஆட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் லேப் ரிசல்ட் வந்தது. ஆந்த்ராக்ஸ் கிருமி இல்லை. ராமுத்தாய்க்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதியில் எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிம்மதி சாயங்காலம்வரைதான். தோட்டத்து வரப்பில், கடித்தால் ரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் ஒன்றை அடித்ததாகச் சுருளியாண்டி சொன்னதும், அது எப்படியோ தேவதானப்பட்டிவரை போய்விட்டது. சுந்தரலிங்கம் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினார். "பாம்பு என்று மாட்டைப் பார்க்காமலே சொன்னேன். சரியாகச் சொன்னவனை வெளியே தள்ளியிருக்கிறார்கள்."

திரும்பச் சேர்த்துக்கொள் என்று கடிதங்கள் குவிந்தன. அவள் ஆணவக்காரி என்றான் ஒருவன். பஜாரில் பாத்திரம் விற்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு வைத்தியம் எங்கே தெரியும் என்றான் இன்னொருவன். அன்றாடம் ஆட்கள் கழன்றுகொண்டிருந்தார்கள். சூரியபிரகாஷ் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். முத்துராஜா எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எப்சிபா தேவதானப்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

சுந்தரலிங்கம் பனியனோடு கதவைத் திறந்தார். முன்னறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"சேத்துக்கிறேன்னு சொல்ல வந்தியாக்கும்."

"குழுவுக்குத் திரும்ப வாங்க சார். முத்துராஜாகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதுங்க. கொஞ்ச நாளைக்கு உங்க கடிதத்த நான் பாத்துட்டுத்தான் விடுவேன்."

"மன்னிப்பா? நான் சொன்னதுதான சரி?"

"சரிதான் சார். ஆனா அன்னைக்கு அது முத்துராஜாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாட்டப் பாக்காம, இருக்கும்னு ஒரு யூகத்துலதான சொன்னீங்க. யூகம் தப்பாப் போயிருந்தா? பிள்ளை வெறுங்கையோட நின்னான் சார்."

"போம்மா," என்றார் அவர். குரலில் பழைய உறுமல் இல்லை. "மன்னிப்பெல்லாம் எனக்கு வராது. போ."

அவர் எழுதவில்லை. அவளும் சேர்க்கவில்லை. அவருக்காகப் போனவர்கள் தனியாக ஒரு குழு தொடங்கி, இரண்டொரு மாதத்தில் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக் கலைந்தார்கள். மேலதிகாரி எப்சிபாவைக் கூப்பிட்டு விசாரித்தார், இடமாற்றம் ஏதும் வரவில்லை. அவளுடைய குழுவில் வெகுநாள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பெண் டாக்டர் கன்றுக்குட்டியின் கழிச்சலைப் பற்றிக் கேட்டாள். சிரிக்காமல் மூன்று பேர் பதில் சொன்னார்கள். அதற்கப்புறம் மெல்ல மெல்லக் கேள்விகள் வரத் தொடங்கின.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் எப்சிபாவின் போன் அடித்தது. சுந்தரலிங்கம்.

"அந்தப் பெரியகுளத்து எருமை கேஸ் ஒருத்தன் போட்டிருக்கானாமே. எனக்கு அனுப்பிவச்சாக. ஒருத்தனும் சரியாச் சொல்லல. மருந்து மாத்தலேன்னா நாளைக்குச் செத்துரும். எழுதிக்க. அந்த மடப்பயல்கிட்ட சொல்லு..."

"சார்," என்றாள் எப்சிபா. "அந்த வார்த்தைய எடுத்துட்டுச் சொல்லுங்க."

தொலைவில் அவர் வீட்டுத் தெருவில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"அந்த டாக்டர்கிட்ட சொல்லு," என்றார் அவர்.

எப்சிபா பேனாவை எடுத்தாள்.