மூன்றடி வாசல்

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. டில்லி கிட்வாய் நகரில் ஒரு பூங்கா வாசலின் கதை சொல்கிறேன். சின்ன வாசல்தான், ஆனால் ஒருத்திக்கு நாலு நாள் சோறு இறங்காமல் செய்த வாசல்.

மங்களத்துக்கு மத்திய அரசில் வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். சுற்றியுள்ள ஐந்து குடியிருப்போர் சங்கங்களுக்காக மாநகராட்சியின் வார்டு கூட்டத்தில் பேசுகிறவளும் அவள்தான். பூங்காவுக்குள் பைக் பாய்ந்து ஒரு பெரியவரின் கால் முறிந்த பிறகு, ஒன்றரை வருஷம் மனுமேல் மனு கொடுத்து, வாசலில் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும்படி இரும்புக் கம்பிகள் நட வைத்தாள். சங்கத்தில் சால்வையே போர்த்தினார்கள்.

அந்த வாரம்தான், தன் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவந்த ஜ்யோத்ஸ்னா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டு வந்தாள். கம்பியில் இடித்தாள். பின்னால் நகர்ந்து கோணலாக முயன்றாள். மறுபடி இடித்தாள். பிறகு சிரித்தாள்.

“பரவால்ல மாமி. இங்கேருந்தே வேப்பமரம் தெரியறது.”

திட்டியிருந்தால் மங்களம் தாங்கியிருப்பாள். அந்தப் ‘பரவால்ல’தான் முள்ளாகத் தைத்தது. மனு எழுதிய ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட இப்படி ஒருத்தி வருவாள் என்று தோன்றவில்லையே!

கம்பிகளை மாற்றக் கேட்கலாம் என்று மங்களம் சொன்னதும், சங்கச் செயலாளர் சந்திரமௌலி தலையில் அடித்துக்கொண்டார். “நாமளே கேட்டு வாங்கினதை நாமளே எடுக்கச் சொன்னா, அடுத்த தடவை எவன் மதிப்பான் மாமி? அந்தப் பொண்ணு வேற பார்க்குக்குப் போகட்டுமே.”

“உங்க வாக்கிங்குக்கு நீங்க வேற பார்க் போறேளா?”



வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மங்களம் ஜ்யோத்ஸ்னாவையும் வார்டு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். மாநகராட்சி என்ஜினியர் கோப்பைப் பார்த்துச் சிரித்தார். “மேடம்ஜி, இது உங்க பெட்டிஷன்தானே?”

“ஆமாம். தப்பு என்னுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்,” என்றாள் மங்களம் ஹிந்தியில். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேஜையிலிருந்து இழுத்து ஓரம் வைத்தாள். “மீதியை இவள் சொல்வாள்.”

காலியான இடத்தில் சக்கரங்கள் வந்து நின்றன. ஜ்யோத்ஸ்னா பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள்; டில்லியிலேயே பிறந்தவள், ஹிந்தி வெண்ணெயாக வழுக்கியது. நுழைய மூன்றடி, உள்ளே அடுத்த கம்பியைச் சுற்றித் திரும்ப ஐந்தடி வேண்டும் என்று அளந்து காட்டினாள்.

“பைக்கும் நுழையுமே!” என்றார் என்ஜினியர்.

“இத்தனை வளைந்து வர பைக்காரனுக்குப் பொறுமை ஏது அண்ணா? எனக்கு இருக்கிறது.”

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. என்ஜினியர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை அவரே வந்து, வாசலுக்கு முன் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்றடி இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டுவிட்டுப் போனார். உத்தரவு இன்னும் வரவில்லை. கம்பிகள் அப்படியே நின்றன. சாயங்காலம் ஜ்யோத்ஸ்னா அந்தக் கோடுகளுக்கு நடுவே கம்பிவரை உருண்டு போனாள், பின்னால் நகர்ந்து வந்தாள், மறுபடி போனாள்.

“மாமி, எங்கேயும் இடிக்கலை!”

கம்பிகளைத் தாண்டி நீண்டிருந்த வேப்பமர நிழல் அவள் மடியில் விழுந்திருந்தது.

உங்கள் வீட்டு வாசலும், வருகிறவர் யாராக இருந்தாலும் இடிக்காத அகலத்தில் இருக்கட்டும், கண்ணுகளா. உள்ளே எப்போதும் ஒருவருக்குக் கூடுதலாகச் சோறு இருக்கட்டும்.