பதினாறைக் கூப்பிட்டபோது

கணவரின் மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் பாதி ஏறிய பிறகுதான் பதினேழாம் எண்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

காலையில் இருமி இருமியே மனிதர் போய்ச் சேர்ந்திருந்தார். வட்ட அதிகாரி வந்து நாடி பார்த்துவிட்டு, மணிக்கட்டில் இருந்த எண் தகட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். உடம்பைக் கழுவிப் பாயில் கிடத்தியாயிற்று. கூட்டிப்போக வரும் எமதூதர்களுக்கு வாசலில் மூன்று கிண்ணம் சோறும் மூன்று ஜோடி செருப்பும் வைத்தாயிற்று. பாக்கி இது ஒன்றுதான். செத்தவரின் சட்டையோடு கூரைமேல் ஏறி, வடக்கே பார்த்து, பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். திகைத்து நிற்கிற உயிர் அந்தக் குரலைக் கேட்டுச் சட்டைக்குள் வந்து அடங்கும். சட்டையை உடம்பின்மேல் போர்த்தினால் நிம்மதியாகப் போய்விடும். சரியாகக் கூப்பிடாவிட்டால் கடற்கரையிலேயே அலைய வேண்டியதுதான். கங்வோன் கரையின் குளிரில், இருமலோடு.

பெயர்களை ஒப்படைக்கச் சொன்ன வருஷத்தில் ஊரே வரிசையில் நின்றது. வட்ட அலுவலகக் கூடத்துச் சுவரில் ஒரு துவாரம் இருந்தது. அதில் வாயை வைத்துப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத் தகட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், படி இறங்குவதற்குள் பெயர் போயிருக்கும். நம் வாயிலிருந்து மட்டுமல்ல, நம்மைத் தெரிந்த அத்தனை பேர் வாயிலிருந்தும். முதல் மாதம் எல்லோரும் சொல்ல வந்ததை மறந்தவர்களாகத் திரிந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. மனிதனுக்குத்தான் எது பழகவில்லை? நாய்களை யாரும் வரிசையில் நிற்கச் சொல்லாததால் மேட்டுத்தெருவில் பெயரோடு மிஞ்சியவன் பாதுகி ஒருவன்தான். அவனும் அதைப் பெரிய மரியாதையாக நினைத்த மாதிரி தெரியவில்லை.

“என்ன அண்ணி, நடு ஏணியில நின்னுட்டீங்க?” கீழே ஏணியைப் பிடித்திருந்த நாத்தனார் கேட்டாள்.

“உங்கண்ணன் பேரு என்னடி?”

“நான் அண்ணன்னுதானே கூப்பிடுவேன்.”

“உங்கம்மா?”

“அம்மா நாய்ப்பீன்னு கூப்பிடும். கண்ணு படக் கூடாதுன்னு.”

“அதையா கூரைமேல நின்னு கத்தச் சொல்ற?”

“கத்தினாலும் வரமாட்டான். பள்ளிக்கூடம் போன அன்னைக்கே அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்குறத விட்டுட்டான்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பாயில் கிடப்பது ஞாபகம் வந்ததும் அடங்கியது.

“எண்ணச் சொல்லியே கூப்பிடுங்க அண்ணி. எல்லாரும் இப்ப அப்படித்தானே கூப்பிடுறாங்க. இருட்டுறதுக்குள்ள பொணம் எடுக்குற வண்டி வந்துரும்.”

கூரையில் காற்று முகத்தில் அறைந்தது. கீழே வரிசை வரிசையாகக் கணவாய் மீன் காய்ந்துகொண்டிருந்தது. இடது கையில் காலரையும் வலது கையில் கீழ் விளிம்பையும் பிடித்துக்கொண்டு வடக்கே திரும்பினாள்.

“பதினாறு! வந்துடுங்க!”

ரேஷன் கடைக்காரன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவளுக்கே கூச்சமாகப் போயிற்று. குரலைக் கொஞ்சம் குழைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள்.

“பதினாறு! வந்துடுங்க!”

“வந்துட்டேன்.”

ஆண்குரல். ஒரு மூச்சு நேரம் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். எட்டிப் பார்த்தாள். வாசலில், கக்கத்தில் மூட்டையோடு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

“நான்தாங்க பதினாறு. மத்தியானம்தான் குடுத்தாங்க.” மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். கணவாய் அறுக்கும் கத்தியின் கீறலோடு, அவள் கணவர் கட்டியிருந்த அதே தகடு. “எண்ணக் கூப்பிட்டா உடனே வந்து நிக்கணும்னாங்க. வீடும் இதுதான்னாங்க.”

“அடப்பாவி, உடம்புச் சூடே இன்னும் ஆறலையே!” என்றாள் நாத்தனார்.

“எனக்கு என்னங்க தெரியும்? நேத்து வரைக்கும் நான் வேற எவனோ.”

அவன் கண் சோற்றில் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து எமதூதர்களின் சோற்றை அள்ளிச் சாப்பிட்டான். முதல் கிண்ணம் காலியானதும் அடுத்ததை இழுத்துக்கொண்டான். பிறகு செருப்பில் ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தான். “அளவாத்தாங்க இருக்கு.”

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இரண்டு அழைப்பு வீணாகியிருந்தது. இன்னும் ஒன்றுதான். அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன இருந்தது? பிடரியில் இருந்த மச்சம், போர்வைக்குள் தேடி வரும் சில்லென்ற பாதம், கிம்ச்சி ஊறுகாயில் தண்டை ஒதுக்கிவிட்டு இலையைத் தின்கிற கள்ளத்தனம். எதையும் கூரைமேல் நின்று கத்த முடியாது. ஒரு பெயர் இருந்தால் போதும், இதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும்.

கடைசியில் அடுப்படியிலிருந்து வாழ்நாளெல்லாம் கூப்பிட்டதுதான் வாயில் வந்தது.

“ஏங்க! வந்துடுங்க! நான்தான் கூப்பிடுறேன்!”

காற்று நின்றது. கடலிலிருந்து ஏறி வரும் கல்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஈரமான, நிதானமான காலடி.

“வந்துட்டாரு” என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அந்தக் காலடிக்குப் பின்னால் இன்னொன்று கேட்டது. அதற்கும் பின்னால் இன்னும் சில. பிறகு படி முழுக்கக் காலடி. மேட்டுத்தெருவில் இத்தனை வருஷமாகச் செத்த ஆண்கள் அத்தனை பேரையும் எண் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களில் யாருமே வந்து சேர்ந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் அவர்கள் எல்லோரையும் மனைவிமார் கூப்பிட்டது ‘ஏங்க’ என்றுதானே!

வாசலில் நாத்தனார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். புதிய பதினாறு கையை உதறிவிட்டு எழுந்து நகர்ந்து வழி விட்டான். கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை. ஏணி மட்டும் அதிர்ந்தது.

பதினேழு காலரை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“இங்கதான்” என்றது ஒரு குரல், அவள் காதோரம். “இங்கதான்” என்றது இன்னொன்று. சட்டையின் இரண்டு கைகளும் இரண்டு பக்கமாக இழுபட்டன.