குவாரித் தெருவில் விழுந்த புள்ளி

எல்ஸ்கோமில் பதினோரு வருடமாகக் குற்றமே நடக்கவில்லை. நடந்ததாக யாரும் புகார் கொடுக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். மாதா மாதம் வீட்டுக்கு வீடு வந்து விழும் ஊர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், பூச்செடிக் கண்காட்சி விளம்பரத்துக்கும் தேவாலய ஆராதனை நேரத்துக்கும் நடுவே, "குற்றங்கள்: பூஜ்யம்" என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பான் கிளைவ் டேட்டம். அடியில் அவன் பெயரும் பதவியும்: ஊர்க்காவல் குழுத் தலைவர். என்னமோ அவனே ஒவ்வொரு திருடனையும் காதைப் பிடித்து இழுத்துப் போய் ஊர் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வந்த மாதிரி.

மார்ச் மாதம் அந்தப் பூஜ்யத்தில் மண் விழுந்தது.

காவல்துறை தன் இணையதளத்தில் வரைபடம் போட்டு, எந்தத் தெருவில் என்ன குற்றம் பதிவானது என்று புள்ளி வைக்கும். ஜனவரியில் நடந்தது மார்ச்சில்தான் வரும். சிலர் ராசிபலன் பார்ப்பது போல கிளைவ் தினமும் காலைத் தேநீரோடு அதைத் திறந்து பார்ப்பான்.

"பெவ்! இங்க வா! இதைப் பாரு!"

அவன் மனைவி பெவர்லி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஜனவரி. வன்முறை: ஒன்று. இடம்: குவாரித் தெரு அல்லது அதன் அருகே.

"குவாரித் தெருவாம்! வேற யாரா இருக்கும்? அந்த ஸ்டேசியும் அவ புருஷனும்தான். வந்து ரெண்டு வருஷம் ஆகல, ஊர் பேரையே நாறடிச்சுட்டாங்க."

பெவர்லி அந்தத் தெருப் பெயரை இன்னொரு முறை படித்தாள். அந்தக் குற்றம் குவாரித் தெருவில் நடக்கவே இல்லை. அவள் அப்போது நின்றுகொண்டிருந்த அடுப்படியில் நடந்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதி, கரண்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்று, அவள் கை உள்ளே இருக்கும்போதே கிளைவ் இழுப்பறையை அறைந்து மூடினான். இரண்டு விரல் முறிந்தது. கார் கதவில் மாட்டிக்கொண்டது என்று ஊருக்குச் சொன்னாள். முந்தைய வருடம் மாடிப்படி, அதற்கு முந்தைய வருடம் தோட்டத்துப் பனி. இந்த முறை என்ன தைரியம் வந்ததோ, கிளைவ் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் காவல்துறைக்குத் தொலைபேசி செய்துவிட்டாள். ஒரு இளம் பெண் அதிகாரி வந்தாள். தேநீர் குடித்தாள். வழக்கு வேண்டாம், கிளைவிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று பெவர்லி அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"பதிவு பண்ணாம இருக்க முடியாதுங்க. ஆனா பயப்படாதீங்க, உங்க வீடுன்னு யாருக்கும் தெரியாது. வரைபடத்துல புள்ளியைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பாங்க. அதுக்குன்னு சில இடம் குறிச்சு வச்சிருக்காங்க, பக்கத்துல எது இருக்கோ அதுல போய் விழும்," என்றாள் அதிகாரி.

பக்கத்தில் இருந்தது குவாரித் தெரு. டேட்டம் வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னால் எட்டே எட்டு வாடகை வீடுகள், வீட்டு வசதிச் சங்கத்துக்குச் சொந்தமானவை. அதில் நான்காவது வீட்டில் ஸ்டேசி. குரல் கொஞ்சம் உரக்க இருக்கும். புருஷன் கிரெய்க் கூரை வேய்கிறவன், கழுத்து வரை பச்சை குத்தியிருப்பான். பெரிய நகரத்திலிருந்து வந்தவர்கள். எல்ஸ்கோமுக்கு வேறு சாட்சி எதற்கு?

கிளைவ் ஓய்வுபெற்ற நில அளவையாளன். வரைபடத்தில் இருந்தால் அது தரையிலும் இருந்தாக வேண்டும் அவனுக்கு. பக்கத்தின் அடியில், புள்ளிகள் உத்தேசமானவை என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவன் படிக்கவில்லை. பெவர்லி படித்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பான். விரல்கள் இப்போதுதான் மடங்க ஆரம்பித்திருந்தன.

அடுத்த ஐந்து வாரத்தில் எல்ஸ்கோம் தன் நல்ல குணத்தையெல்லாம் காட்டியது. ஸ்டேசி மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்துவந்தாள். இரண்டு வீட்டில், "இனிமே நாங்களே பாத்துக்கறோம்" என்று சிரித்த முகத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஊர் மதுக்கடையில் வியாழன்தோறும் நடக்கும் வினாடி வினாப் போட்டி அணியில் கிரெய்க்குக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அவன் வண்டியை யாரோ தினம் படம் எடுத்தார்கள். ஊர்க்காரர்களின் கைபேசிக் குழுவில், குவாரித் தெரு குப்பைத் தொட்டி ஒரு நாள் முன்னாலேயே வெளியே வந்துவிட்டது என்ற பரபரப்புச் செய்திக்கு நாற்பது பேர் கோப முகம் போட்டார்கள்.

அத்தோடு விட்டார்களா? அந்தக் குடும்பத்தை வெளியேற்றும்படி வீட்டு வசதிச் சங்கத்துக்கு ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்புவது என்று முடிவானது. கிளைவ் நடந்துகொண்டே வாசகம் சொன்னான். பெவர்லி தட்டச்சு செய்தாள், முறிந்து கூடிய அதே விரல்களால். "வன்முறைப் பழக்கம் உள்ளவர்கள்" என்ற இடத்தில் அவள் கை தயங்கியது.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல. எழுத்துப் பிழை."

தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அருவருப்போடு படுத்துத் தூங்கிவிடலாம், பயத்தோடுதான் தூங்க முடியாது. அப்படித்தான் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஊர்க் கூடத்தில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தலைமை, ஊர் மன்றத் தலைவி பெனலபி ஆர்மரோட். பெவர்லியின் பக்கத்து வீட்டு மவ்ரீன் எலுமிச்சைக் கேக் செய்து எடுத்து வந்திருந்தாள். ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் போகிறோம் என்றாலும் கேக் இல்லாமல் செய்வார்களா?

கிளைவ் வரைபடத்தைச் சுவர் நிறையப் பெரிதாக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஸ்டேசி உள்ளே வந்தாள். வேலைக்குப் போகும் உடுப்பிலேயே இருந்தாள். கூடத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

"நானும் இந்த ஊருதான். உக்காரலாமில்ல?"

"தாராளமா. பொதுக் கூட்டம்தானே," என்றாள் பெனலபி, வாய் மட்டும் சிரித்தது.

ஸ்டேசி உட்காரவில்லை. "ஜனவரில எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன். கிரெய்க் ஒரு பூனையைக்கூட அதட்ட மாட்டான். போலீஸ் எங்க வாசல் பக்கமே வரல. வந்திருந்தா நீங்கதான் ஜன்னல் ஜன்னலா நின்னு பாத்திருப்பீங்களே!"

"புள்ளி பொய் சொல்லாதும்மா," என்றான் கிளைவ், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. சிலர் சிரித்தார்கள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"குரலை ஏத்தாதே. இதைத்தான் ஊர்ல எல்லாரும் சொல்றாங்க."

பெனலபி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்துவிட்டு, மனுவைக் கையெழுத்துக்குச் சுற்றவிட்டாள். காகிதம் முதல் வரிசையில் கை மாறி, இரண்டாம் வரிசைக்கு வந்தது. மவ்ரீன் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடாமல் பெவர்லியிடம் நீட்டினாள்.

பெவர்லி பேனாவை வாங்கினாள். ஏழு கையெழுத்து இருந்தது. எட்டாவது தன்னுடையது. கதவருகே ஸ்டேசி கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தாள். அவள் அழுவதை எல்ஸ்கோம் பார்த்ததே இல்லை. பெவர்லி பேனாவைக் கீழே வைத்தாள். ஐந்து வாரமாக மென்று விழுங்கியது அத்தனையும் மேலே வந்துவிட்டது.

"அது என்னோட புள்ளி," என்றாள்.

"என்ன கண்ணு?" கிளைவ் அவளை வெளியிடத்தில் மட்டும்தான் கண்ணு என்பான்.

பெவர்லி எழுந்து நின்றாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஜனவரில போலீசைக் கூப்பிட்டது நான். கார் கதவு இல்ல. என் கை உள்ள இருக்கறப்பவே கிளைவ் இழுப்பறையை அறைஞ்சு மூடினான். புள்ளியை அவங்க தள்ளி வைப்பாங்க. அது இவங்க வீட்டு மேல விழுந்துடுச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லல."

இந்த ஒரு கணத்தை அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஊரே அதிர்ந்து போகும், யாராவது அவளைக் கட்டிப்பிடிப்பார்கள், நாலு ஆண்கள் எழுந்து கிளைவ் முன்னால் போய் நிற்பார்கள் என்று. எவரும் அதிரவில்லை. தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகங்களில் இருந்தது ஆச்சரியம் இல்லை, கூச்சம். விருந்தில் யாரோ ஏப்பம் விட்டுவிட்டால் வரும் கூச்சம்.

மவ்ரீன் அவள் சட்டையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு பெவ். இங்க வச்சு எதுக்கு இதெல்லாம்?"

"உனக்குத் தெரியுமா?"

மவ்ரீன் முகம் சிவந்தது. "நடுச்சுவர் மெல்லிசுதானே. சத்தம் வர்றப்பல்லாம் நாங்க ரேடியோவைக் கூட்டி வச்சுடுவோம், உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு."

அதை ஒரு உதவியாகத்தான் அவள் சொன்னாள். நன்றியை எதிர்பார்க்கிற முகம்கூட. பெவர்லிக்கு அந்த ரேடியோ ஞாபகம் இருந்தது. பியானோ வாசிப்பார்கள். தரையில் கிடந்தபடி அவள் அதைக் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் எவ்வளவு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"போலீசையா கூப்பிட்டே?" இப்போதுதான் பெனலபிக்குக் குரல் வந்தது. "எங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பெவர்லி? நமக்குள்ளயே பேசி முடிச்சிருக்கலாம். இது பதிவுல ஏறிடுச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? வீடு வாங்க வர்றவன் முதல்ல பாக்கறதே அந்த வரைபடத்தைத்தான். ஆர்ச்சர்ட் சந்துல மூணு வீடு விலைக்கு நிக்குது."

பெனலபியின் வீடும் அந்த மூன்றில் ஒன்று.

கிளைவ் சாந்தமாக இருந்தான். அதுதான் பெவர்லிக்கு அதிகப் பயம். "கொஞ்ச நாளாவே அவளுக்கு மனசு சரியில்ல," என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னான். "மன்னிச்சுக்குங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பலர் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். அவனைப் பார்த்துத்தான். பெனலபி மனுவை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, இந்த விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது, குறிப்பில் எதுவும் ஏற வேண்டாம் என்று அறிவித்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு வழியாகக் கேக்கை வெட்டினார்கள்.

பெவர்லி வெளியே வந்தாள். நல்ல வெயில். ஸ்டேசி படிக்கட்டில் நின்று சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேசி, என்னை மன்னிச்சிடு."

"அஞ்சு வாரம், மிசஸ் டேட்டம்." ஸ்டேசி திரும்பாமலே சொன்னாள். "ரெண்டு வேலை போச்சு. கிரெய்க் ஊரை விட்டே போயிடலாம்கறான். அந்த மனுவை டைப் அடிச்சதுகூட நீங்கதான்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"அப்ப மன்னிக்க முடியாது. சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்ல எனக்கு வராது."

பெவர்லி தலையை ஆட்டினாள். ஸ்டேசி இரண்டு படி இறங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி அந்த விரல்களைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"இந்த ஊர்லயே எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் இது தெரியாம இருந்திருக்கு, இல்ல? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நாங்க போலீசுக்கு போன் அடிச்சிருப்போம். அந்தாளு கதவையும் உடைச்சிருப்பான் கிரெய்க்."

இதைக் கேட்பதற்கு, மன்னிக்க முடியாது என்றதே பரவாயில்லை என்று பெவர்லிக்குத் தோன்றியது.

ஸ்டேசி தன் கைபேசியை எடுத்து, போலீசின் அவசர எண்ணான மூன்று ஒன்பதை அழுத்தி, பெவர்லியின் காதுக்கு நேராக நீட்டினாள். "பேசுங்க. இந்தத் தடவை பேரைச் சொல்லிப் பேசுங்க."

மணி அடித்தது. ஒரு ஆண் குரல் எடுத்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. பெவர்லி தன் பெயரைச் சொன்னாள், கிளைவின் முழுப் பெயரைச் சொன்னாள், எல்ஸ்கோம் என்று ஊரைச் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"சரிங்கம்மா. இப்ப நீங்க நிக்கற இடம் உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா? சுத்தி யாராவது இருக்காங்களா?"

திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. கிளைவ் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். மவ்ரீன் அவன் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள். முப்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள், அவளை இருபது வருடமாகத் தெரிந்தவர்கள்.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள் பெவர்லி. "பாதுகாப்பு இல்ல."