இரண்டு முறை திறக்க வேண்டிய திரை

“தாடைக்குக் கீழே விட்டுட்ட டார்லிங். முன்வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கு அதான் முதல்ல கண்ணுல படும்.”

ஹெஸ்டர் ரேசரை வெந்நீரில் அலசிவிட்டு அப்பாவின் முகத்தை விரலால் நிமிர்த்திப் பிடித்தாள். முன்வரிசை என்று அந்த அறையில் இருந்தது பெவர்லியும் ஒரு கடற்காகமும்தான். கடற்காகம் ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. நர்ஸ் பெவர்லி மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே அவரைப் பார்க்கவில்லை. ராஃப் டெலமேருக்கு அது பொறுக்காது.

“பெவர்லி, அந்த ஜன்னல் திரையைப் பாதி இழுத்து விடு. வெளிச்சம் மூக்குல அடிக்குது. பிணம் மாதிரித் தெரியறேன்.”

“இன்னும் இல்ல மிஸ்டர் டெலமேர். அவசரப்படாதீங்க,” என்றாள் பெவர்லி. ஆனாலும் எழுந்து போய்த் திரையை இழுத்தாள். அந்த வீட்டில் அவர் சொன்னதைச் செய்துவிடுவதுதான் சீக்கிரம் முடியும் வேலை.

அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. மகள் வளர்ந்தால் கதாநாயகனுக்கு வயதாகிவிடும் அல்லவா? அதனால் பேச்சு வந்த நாளிலிருந்தே ஹெஸ்டருக்கு அவர் ராஃப். அந்தப் பெயரும் அவருடையது இல்லை. கிரிம்ஸ்பியில் மீன் கடை வைத்திருந்த கிளெக்கின் மகன் நார்மனாகப் பிறந்தவர், லண்டனுக்கு ரயில் ஏறும்போது பெயரையும் பேச்சையும் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டு ஏறினார். அதற்குப் பிறகு அவர் பேசிய ஆங்கிலம் எந்த ஊருடையதும் இல்லை. அரண்மனையில்கூட யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இளமையில் லண்டன் மேடைகளில் சில நல்ல வருஷங்கள் அவருக்கு வாய்த்தன. ஆள் உயரம், குரல் நன்றாக இருந்தது, ராஜா வேஷம் பொருந்தியது. பிறகு மற்ற இயக்குநர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று கண்டுபிடித்து சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்தார். எல்லா நாடகத்தையும் அவரே இயக்கினார், எல்லா நாடகத்திலும் அவரே கதாநாயகன். வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேரன் எடுக்கும் வயது வரை காதலித்தார். சினிமாவில் ஒரு கர்னலாக வந்து முதல் சண்டையிலேயே செத்தார். தொலைக்காட்சியில் ஏழு வருஷம் ஒரு கிராமத்துப் பாதிரியாராக வந்தார். ஹோவ் என்ற ஊரில் கடலைப் பார்த்த இந்த வீடு அந்தப் பாதிரியார் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதை அவர் முன்னால் சொல்லக் கூடாது. வருஷத்தில் இரண்டு நாள், ராணி கொடுக்கும் பட்டங்கள் பேப்பரில் வரும் காலைகளில், அவர் அதைப் படித்து முடித்து மடித்து வைக்கும் வரை வீட்டில் யாரும் தேநீர்க் கோப்பையைக்கூட சத்தமாக வைக்கக் கூடாது. சர் ராஃப் ஆகாமலே எண்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டார்.

“நேத்து சொன்னதைத் திருப்பிச் சொல்லு,” என்றார்.

ஹெஸ்டர் சொன்னாள். “எல்லாரும் பேசி, கடைசியா லயனல் பேசி முடிச்சதும் எழுந்து கைதட்டுவாங்க. திரையை மூடணும். தட்டறது நல்லா ஏறினதும் திறக்கணும். மறுபடி மூடணும். அடங்கறப்போ இன்னொரு தடவை திறக்கணும்.”

“அடங்கறதுக்கு முன்னாடி. அடங்கினப்புறம் திறந்தா கையேந்தற மாதிரி இருக்கும். பட்டன் யார் கையில?”

“என் கையில.”

நாடகக்காரர் செத்தால் சவப்பெட்டியைக் கைதட்டி அனுப்புவது அவர்களிடையே வழக்கம். எரியூட்டும் கூடத்தில் பெட்டி ஒரு சின்ன மேடைமேல் இருக்கும். கடைசியில் பட்டனை அழுத்தினால் வெல்வெட் திரை ஓடி வந்து மூடிக்கொள்ளும். கூட்டாளிகளின் சாவுக்கு வரிசையாகப் போய் வந்த ராஃப் அங்கே அழுததில்லை. திரை என்று ஒன்று இருந்தும் எல்லாரும் அதை ஒரே தடவை மூடி வீணாக்குகிறார்களே என்றுதான் வருத்தப்பட்டிருக்கிறார். தன்னுடையதில் அந்தப் பிழை நடக்காது என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

“சத்தியம் பண்ணு.”

“பார்க்கலாம் ராஃப்.”

“பார்க்கலாமா? ஒரு மேடை நிர்வாகி பேசற பேச்சா இது?”

வேலையைச் சொல்லி மடக்கினால் அவள் வாயடைத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். திரையை ஏற்றவும் இறக்கவும் விளக்கை மாற்றவும் சைகை கொடுக்கிற அந்த வேலையில்தான் அவள் தலை நரைத்தது. முதல் பன்னிரண்டு வருஷம் அவர் குழுவில்தான். ஆனால் இன்றைக்கு அவள் வாயடைக்கவில்லை. துண்டைப் பிழிந்து அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நாட்டிங்ஹாம்ல அம்மா கடைசியா மேடை ஏறின நாள் ஞாபகம் இருக்கா?”

“என்ன நாடகம்?”

அதுதான் அவருடைய முதல் கேள்வி.

அம்மா மேவிஸ் அவர் குழுவில் வேலைக்காரியாகவும் செவிலியாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் நடித்தே காலம் தள்ளியவள். அந்த வாரம் அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்திருந்தது நாட்டிங்ஹாம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைசி நாள் நாடகம் முடிந்து எல்லாரும் குனிந்து வணங்கித் திரை இறங்கிய பிறகும் ஜனங்கள் போகவில்லை. மேவிஸ் மேவிஸ் என்று அவள் பெயரைச் சொல்லித் தட்டினார்கள். மற்ற நடிகர்கள் விலகி நின்றார்கள். அவள் நடு மேடைக்கு வந்து, வேலைக்காரி ஏப்ரனை இழுத்துச் சரிசெய்துகொண்டு, திரை ஏறுவதற்காக நின்றாள். திரையை ஏற்றச் சொல்லும் சைகை விளக்கின் விசைமேல் ஹெஸ்டர் விரலை வைத்துவிட்டாள். பக்கத்தில் ராஃப் வந்து நின்றார். திரை ஏறக் கூடாது என்றார், இந்தக் குழுவில் கடைசி வணக்கம் என்னுடையது என்றார். சொன்னது இயக்குநர். ஹெஸ்டர் விரலை எடுத்துவிட்டாள். மேவிஸ் அந்தத் துணியைப் பார்த்தபடியே நின்று, வெளியே கைதட்டல் குறைவதை, குறைந்து நிற்பதைக் கேட்டாள். முழுசாக நின்ற பிறகு பின்னால் கையைக் கொண்டுபோய் ஏப்ரனை அவிழ்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்விட்டாள்.

“ஆங், நாட்டிங்ஹாம்,” என்றார் ராஃப். “நான் பண்ணினது சரி. திரை ஏறியிருந்தா ஜனங்க நாடகத்தை மறந்துட்டு ஒரு நோயாளியைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. அதுவும் போக, அவ அங்க நின்னிருக்கவே கூடாது. திரை விழுந்தா மேடையைக் காலி பண்ணணும். நான் அப்பவே சொல்லணும்னு நினைச்சேன், விட்டுப்போச்சு.”

“திரை திறக்கும்னு அம்மா காத்துக்கிட்டிருந்தாங்க.”

“பழக்கம் இல்லாதவங்க பண்ற வேலை அது.”

ஹெஸ்டருக்கு அந்த நிமிஷம் அந்த ஆளை அடியோடு பிடிக்கவில்லை. ரேசர் கையில்தான் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து உறையில் போட்டாள். அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாவம் மேவிஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திரையை இரண்டு தடவை என்ன, இருபது தடவை திறந்திருப்பாள்.

கடைசியில் சொல்வதற்கென்று அவர் வருஷக்கணக்காகப் பல வசனங்கள் வைத்திருந்தார். விருந்துகளில் அவற்றைச் சொல்லிக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார். அன்று மத்தியானம் பெவர்லி அவித்த முட்டையும் ரொட்டித் துண்டும் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

“மஞ்சள் கெட்டியாயிடுச்சு,” என்றார்.

பெவர்லி வேறு முட்டை போடக் கீழே போனாள். ஹெஸ்டர் ரொட்டித் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் அவர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் லயனல் பாஸ் போன் செய்தான். ராஃபின் எல்லா நாடகத்திலும் நண்பன் வேஷம் போட்டவன், வாழ்க்கையிலும் அதையே போட்டுக்கொண்டிருந்தவன். விம்மினான். அவன் விம்மல் எந்த அரங்கத்திலும் கடைசி வரிசை வரை கேட்கும்.

“கடைசியா என்ன சொன்னார் டார்லிங்?”

“முட்டை சரியில்லைன்னார்.”

விம்மல் நின்றது.

“அதை நான் கொஞ்சம் மாத்திக்கறேனே,” என்றான் லயனல்.

அடுத்த வாரம் எரியூட்டும் கூடம் நிறைந்துவிட்டது. கறுப்புத் தொப்பிகளும் பட்டுக் கழுத்துத் துணிகளும் தைலவாசனையுமாக நாடக உலகம் முழுதும் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவரை ஒருவர் டார்லிங் என்று கட்டிக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மற்றப் பாதியின் பெயர் மறந்துபோனதற்கு அந்த ஒரு சொல் கைகொடுத்தது. கண் என்னவோ யார் எந்த வரிசையில் உட்கார்கிறார்கள் என்பதில்தான் இருந்தது.

பேசியவர்கள் எல்லாரும் ராஃபைப் பற்றி ஆரம்பித்துத் தங்களைப் பற்றி முடித்தார்கள். ஒரு கிழவர், ராஃபுக்கு உடம்பு சரியில்லாத ஒரு இரவு அவர் வேஷத்தைத் தான் போட்டு ஊரே அழுததை விவரித்தார். மேவிஸ் பெயரை யாரும் சொல்லவில்லை. லயனல் கடைசியாக எழுந்தான்.

“அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். லயனல், வெளிச்சம் நல்லா இருக்கு. போதும், இறக்கிடுன்னார்.”

பின் வரிசையில் பெவர்லி இருமினாள்.

லயனல் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கைதட்டினான். அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஹெஸ்டர் முன் வரிசை ஓரத்தில், சுவரோடு இருந்த பட்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அதை அழுத்துகிறவர் அந்தக் கூடத்து ஊழியர் கென். அவரிடம் முந்தின நாளே பேசி அனுமதி வாங்கியிருந்தாள். அழுத்தினாள்.

திரை நடுவில் ஒரு தடவை திக்கி, பிறகு ஓடி மூடியது. ராஃப் இருந்திருந்தால் அந்தத் திக்கலுக்காகவே யாரையாவது வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

கைதட்டல் ஏறியது. தட்டத் தெரிந்தவர்கள் தட்டினார்கள். உள்ளங்கையைக் குவித்து, சத்தம் மேலே எழும்புகிற மாதிரி. ஏறி உச்சிக்கு வந்தது. திறக்க வேண்டிய இடம் அதுதான். ஹெஸ்டருக்கு அது காதால் இல்லாமல் விரலால் தெரிந்தது, அத்தனை வருஷத்துப் பழக்கம். விரல் பட்டன்மேலேயே இருந்தது.

ஏற்பாடு எல்லாருக்கும் தெரியும், அதனால் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். லயனல் அவள் பக்கம் சாய்ந்தான்.

“இப்போ ஹெஸ்டர்.”

அவள் விரலை எடுத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“தூங்கிட்டியா? இப்போ.”

“கேக்குது லயனல்.”

தட்டிக்கொண்டே இருந்தார்கள். யார் முதலில் நிறுத்துவது என்ற பயம் நாடகக்காரர்களுக்கு உண்டு. ஆனால் எல்லாரும் வயதானவர்கள். மூட்டுவலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். பின்னாலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. இரண்டாவது தடவை திறக்க வேண்டிய இடமும் வந்து, போனது. கடைசியில் லயனல் ஒருவன் மட்டும் தட்டிக்கொண்டு நின்றான். அவன் விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன, முகத்தில் இப்போது நிஜமான கலவரம். இன்னும் நாலு தடவை தட்டினான். பிறகு கைகளைப் பார்த்தான், கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே அடுத்த சாவின் கார்கள் சரளைக்கல்லில் வந்து நிற்பது கேட்டது.

“பட்டன் கெட்டுப்போச்சா?” என்று ஒரு கிழவி கேட்டாள்.

“இல்ல. முடிஞ்சிடுச்சு,” என்றாள் ஹெஸ்டர்.

தொப்பிகளைத் தேடி எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். லயனல் மட்டும் அவளுக்கு முன்னால் நின்றான்.

“ஏன்மா இப்படிப் பண்ணின? அந்த மனுஷன் உன்னை நம்பித்தானே இருந்தார்.”

“உனக்கு நாட்டிங்ஹாம் ஞாபகம் இருக்கா?”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவனும் அன்று மேடையில் விலகி நின்றவர்களில் ஒருவன்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் போனான்.

கூடம் காலியானதும் ஹெஸ்டர் மேடை ஏறித் திரையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பக்கம் வெல்வெட் இல்லை, வெறும் பழுப்புத் துணிதான், ஒட்டுப் போட்டிருந்தது. கென் பெட்டி மேலிருந்த மலர்வளையங்களை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பெரிய ஆளா இவர்?” என்றார். “நான் இங்க வந்ததிலிருந்து இவ்வளவு தட்டல் கேட்டதில்ல.”

“உள்ளே நல்லாக் கேட்டுச்சா?”

“நல்லாக் கேட்டுச்சு. இந்தத் துணி எதையும் தடுக்காது.”

“அடங்கினதும் கேட்டுச்சா?”

“அதுவும்தான். ஒவ்வொருத்தரா நிறுத்தினாங்களே. கடைசியில யாரோ ஒருத்தர் மட்டும் தட்டிக்கிட்டிருந்தாரு. அதுவும் நின்னுபோச்சு.” கென் பெட்டியின் மூடியைக் கைக்குட்டையால் துடைத்தார். “இவரைக் கொண்டுபோலாமா மேடம்? அடுத்தவங்க வந்துட்டாங்க.”

ஹெஸ்டர் தலையாட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ புது ஆட்கள் வந்து நாற்காலிகளில் உட்காரும் சத்தம் கேட்டது. அது முழுசாக அடங்கும் வரை அங்கேயே நின்றாள். பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.