வயிற்றில் பஞ்சு வைத்த கிட்டார்

இப்போதெல்லாம் எதையும் இருக்கிறபடி விட ஒருத்தனுக்கும் மனசு வருவதில்லை. நன்றாக ஓடுகிற வண்டியின் சைலன்சரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தெருவே காதைப் பொத்துகிற மாதிரி வேறொன்றை மாட்டுகிறான். ஒழுங்காகத் தண்ணீர் வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் திருகினால் வரும் என்று விளங்காத குழாயை வைக்கிறான். கேட்டால் இதுதான் நல்லது என்கிறான். அப்படியென்றால் இத்தனை நாள் இருந்தது கெட்டதா?

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற பஸ்ஸில், பழைய ரேடியோ ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தங்கதுரை இதையெல்லாம் வாய்விட்டே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

உண்மையில் அவர் எரிச்சல் சைலன்சர் மேலும் இல்லை, குழாய் மேலும் இல்லை. கண்ணாயிரம் அந்தக் கிட்டாருக்குக் கள்ளக்குறிச்சி வேடியப்பன் கடையில் புது சாமான் மாட்டுகிறான் என்று காலையில் டீக்கடையில் காதில் விழுந்தது. அதிலிருந்து வயிறு எரிகிறது.

அந்தக் கிட்டாரைப் பதினெட்டு வருஷம் வாசித்தவர் தங்கதுரை. செவ்வானம் மெல்லிசைக் குழுவில் ஐந்து பேர். ராமசாமி பாடுவார். கண்ணாயிரம் தபலா. கிட்டார் குழுவின் பொதுச் சொத்து என்றாலும் தங்கதுரையைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. மாம்பழ நிறம். உள்ளே குடம் மாதிரி காலி. மேல்பலகையில் இரண்டு பக்கமும் பாம்பு நெளிந்த மாதிரி ஒவ்வொரு பிளவு. கம்பிக்கு அடியில் பிக்கப் என்று ஒரு காந்தப் பெட்டி. கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான்.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் குழு உடைந்தது. ரிஷிவந்தியத்தில் கடைசிக் கச்சேரி. மறுநாள் காலையில் கோயில் வாசலில் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் வம்பில்லாமல் முடிந்தது. கிட்டார் மட்டும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. திருவுளச்சீட்டுப் போடுவோம் என்றார் ராமசாமி. குழுவின் ரோஸ் கலர் நோட்டீஸைக் கிழித்துக் கண்ணாயிரம் ஐந்து பேர் பெயரையும் எழுதினான். அவன் கையெழுத்துதான் பார்க்கிற மாதிரி இருக்கும். சீட்டைக் குலுக்கச் சொம்பு தேடினபோது தங்கதுரைதான் சொன்னார்: “சொம்பு எதுக்கு? கிட்டாருக்குத்தான சண்ட, அதுங்குள்ளயே போட்டுக் குலுக்கு. அதுவே சொல்லட்டும்.” பதினெட்டு வருஷம் மடியில் கிடந்தது தன்னை விட்டுவிடாது என்று நினைத்தார்.

பிளவு வழியாகச் சீட்டுகளை உள்ளே போட்டு, கவிழ்த்துக் குலுக்கினார்கள். முதலில் விழுந்தது கண்ணாயிரம் பெயர். தங்கதுரை விடவில்லை. மிச்சச் சீட்டையும் காட்டு என்றார். குலுக்கினார்கள். ஒன்று விழுந்தது, இன்னொன்று, இன்னொன்று. அவர் பெயர் மட்டும் விழவே இல்லை. தலைகீழாகப் பிடித்து ஆட்டினார்கள். ஒன்றும் இல்லை.

“என் பேர எழுதவே இல்லடா நீ!” என்றார்.

“எழுதனன்டா. உன் கண்ணு முன்னாடிதான போட்டன்.”

“வெறும் கையக் காட்டிக்கினு போட்ட.”

அன்றைக்குப் பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே ஊர். தெருவில் எதிர்ப்பட்டால் தங்கதுரை செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். கிட்டார் கண்ணாயிரம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு என்று அந்தத் தெருப் பக்கம் போக வேண்டியிருந்தால் தங்கதுரை மனைவியை மட்டும் அனுப்புவார். அது தொங்கினவரை ஒரு சமாதானம் இருந்தது. தனக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கும் உதவவில்லையே. இப்போது என்னவென்றால் அவன் போனைப் பார்த்துக் கிட்டார் கற்றுக்கொண்டானாம். ஆடி மாசம் வெள்ளிமலைத் திருவிழாவில் மேடையேறப் போகிறானாம். எழுபது வயசில்! தபலா தட்டின கை!

துருகம் சாலையில் வேடியப்பன் கடை. ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி ரிப்பேர் பார்க்கிறவன். உள்ளே நுழைந்ததுமே தங்கதுரை பார்த்துவிட்டார். மேசைமேல் பழைய போர்வையை விரித்து அதைக் கிடத்தியிருந்தான். கம்பி ஒன்றுகூட இல்லை. பிக்கப்பைக் கழற்றின இடத்தில் சதுர ஓட்டை. தலையில் புதுசாகப் பளபளவென்று கம்பி முறுக்குகிற ஆறு கீ. கம்பியைத் தாங்குகிற மர பிரிட்ஜ் போய்ப் பித்தளை பிரிட்ஜ் பக்கத்தில் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் தனக்கு வேண்டியவர்களைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

“வாங்க பெரியவரே. ரேடியோவுக்கு இன்னா?”

“கரகரன்னுது. இது யாருது?” தெரியாத மாதிரி கேட்டார்.

“கண்ணாயிரம் அண்ணனுது. டீ சொல்லப் போயிருக்காரு. இதப் பாருங்க, வேலைன்னா இது வேல.”

வால்யூம் திருகுகிற குமிழ், வயர் எல்லாம் ஒரே கோவையாக இருந்தது. இந்தக் கிட்டாருக்குப் பின்பக்கம் மூடி கிடையாது. எல்லாவற்றையும் அந்தச் சதுர ஓட்டை வழியாக உள்ளே விட்டு, குமிழுக்கு உண்டான சின்னத் துளை வழியாக மேலே எடுக்க வேண்டும். வேடியப்பன் துளையில் ஒரு நூலை விட்டு, அதன் நுனியைக் குமிழ்த் தண்டில் கட்டி, பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி இழுத்தான். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தான். வரவில்லை.

அதற்குள் கண்ணாயிரம் மூன்று டம்ளர் டீயோடு வந்துவிட்டான். தங்கதுரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். பிறகு வேடியப்பனைப் பார்த்துச் சொன்னான்: “மூணாவது டம்ளரு உன் பையனுக்குன்னு வாங்கனன். அவுருக்கு வேணும்னா எடுத்துக்கச் சொல்லு.”

“எனக்குப் பித்தம்னு சொல்லு,” என்றார் தங்கதுரை, அவரும் வேடியப்பனிடம்.

“ரெண்டு பேரும் எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அஞ்சடிதான தூரம்.”

“நல்லா இருந்த சாமான ஏன் கெடுக்கறான்னு கேளு.”

“ஆணில தொங்கினா நல்லா இருக்கும்னு நெனச்சிக்கினு இருக்காரு போல. கீயெல்லாம் துருப்பிடிச்சி, சுதியே நிக்கல, சொல்லு.”

“வாசிக்கத் தெரிஞ்சவன் கைல நின்னுதுன்னு சொல்லு.”

வேடியப்பன் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்தான். “இன்னாமோ அடைச்சிக்கினு இருக்குது உள்ள.” நீள மூக்குக் குறடு விட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். துணி. நீலக் கட்டம் போட்ட துணி. பிய்ந்த இடத்திலிருந்து இலவம்பஞ்சு புசுபுசுவென்று மேசையெல்லாம் பறந்தது.

“எவன்டா இவன், கிட்டாருக்குள்ள தலகாணி தச்சி வச்சவன்!” வேடியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தங்கதுரை சிரிக்கவில்லை. தன் கைலியை அவருக்குத் தெரியாதா?

குழு உடைவதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால், வெள்ளிமலையில் ஒரு கச்சேரி. இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். கிட்டார் வயிறு காலியாச்சே, ஸ்பீக்கர் சத்தம் உள்ளே புகுந்து, சுற்றி, பிக்கப் வழியாகத் திரும்பவும் ஸ்பீக்கருக்கே போய், நாய் ஊளையிடுகிற மாதிரி கத்தியது. சனம் சிரித்தது. மறுநாள் மலைப்பாதையில் வெடித்துக் கிடந்த இலவங்காயைப் பொறுக்கி, பழைய கைலியில் பொட்டலம் கட்டி, கஞ்சிப் பசை தடவி, பிளவு வழியாகக் குடைக்கம்பியால் ஒரு மூலைக்குத் தள்ளினார். அப்புறம் ஊளை இல்லை. தங்கதுரை விரல் வைத்தால் கிட்டார் அடங்குகிறது என்று ராமசாமி மேடையிலேயே சொன்னார். தங்கதுரை மறுக்கவில்லை. அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லாமல் சொல்லாமல் அவரே மறந்துபோனார்.

“இருங்க, இன்னும் இன்னாமோ இருக்குது.” கைலித் துணியின் மடிப்பில், காய்ந்த பசை விளிம்பில் மாட்டிக்கொண்டு, நாலாக மடித்த ஒரு காகிதம். ரோஸ் கலர்.

வேடியப்பன் பிரித்து, எழுத்துக் கூட்டாமலே படித்தான். “தங்கதுரை.” நிமிர்ந்து பார்த்தான். “உங்க பேருதான பெரியவரே?”



கண்ணாயிரம் டம்ளரை வைத்தான். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக நேராக அவரைப் பார்த்தான். “இப்ப இன்னாடா சொல்ற?”

தங்கதுரை சீட்டை வாங்கினார். அவர் படித்தது மூணாங்கிளாஸ். ஆனாலும் தன் பெயர் தெரியும். கண்ணாயிரம் எழுதுகிற, வாலைச் சுழித்த ‘து’வும் தெரியும்.

“மை புதுசா இருக்குது,” என்றார்.

“வெயிலு படாத எடத்துல கெடந்துது பெரியவரே, வெளுக்காது,” என்றான் வேடியப்பன்.

“நீ அவன் வேலைய எடுத்துக்கினு இருக்கிறவன். நீ அப்பிடித்தான் சொல்லுவ.”

“தோ பாரு,” என்றான் கண்ணாயிரம். “பஞ்சு யாரு வச்சது? நான் வைக்கல. இந்தக் கைலியக் கட்டிக்கினு நீ வேனுல படுத்துக்கினு வருவ. மேல மேல வந்து உழுவ. எனக்குத் தெரியாதா இந்தக் கட்டம்? உன் சீட்ட நீயேதான்டா புடிச்சி வச்சிக்கினு இருந்த!”

தங்கதுரை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் சொல்வது சரியாக இருந்தால், திருடன் யாருமில்லை. இத்தனை வருஷமும் குனிந்து குனிந்து செருப்பைச் சரிசெய்தது வீண். கிட்டார் கைவிட்டுப் போனது தன் குடைக்கம்பியால்தான். அதைவிட, அவன் ஏமாற்றினான் என்பது எவ்வளவோ தேவலாம்.

“நோட்டீசு கட்டு உன் வூட்லதான இருந்துது,” என்றார். “எழுதி மடிச்சி உள்ள தள்ள எம்மா நேரம் ஆவும்?”

“ஏன்டா, நீ இன்னிக்கு இங்க வருவன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?”

தங்கதுரை குனிந்து ரேடியோவைத் தடவிக்கொண்டிருந்தார்.

கண்ணாயிரம் மூக்கை உறிஞ்சினான். கிட்டாரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “சரி. அன்னிக்கி உன் சீட்டு உழுவ வழியில்லாம போச்சி. நியாயம் நியாயம்தான். வேல முடிஞ்சதும் மறுபடி போடுவோம். ரெண்டே பேரு. இந்த டம்ளர்லயே குலுக்குவோம். வேடியப்பன் எடுக்கட்டும். எனக்கு வந்தா எனக்கு, உனக்கு வந்தா புது சாமானோட உனக்கு. சீட்டு நீயே எழுது.”

வேடியப்பன் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினான்.

தங்கதுரை பேனாவை வாங்கிவிட்டார். தாளை மேசைமேல் வைத்து, ‘த’ வரைக்கும் எழுதிவிட்டார். பக்கத்திலேயே கிட்டார் கிடந்தது. ஓரத்தில் அவர் முழங்கை உராய்ந்து நிறம் போன இடம் அப்படியே இருந்தது. கை அதுவாக அங்கே போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டார்.

எவனாவது இவ்வளவு செய்து வைத்துவிட்டுச் சும்மா தூக்கிக் கொடுக்கிறேன் என்பானா? எதற்குக் கொடுக்கிறான்? உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் அது இன்னும் மோசம். மறுபடி அவன் பெயரே வந்துவிட்டால்? தன் கையால் எழுதி, பஞ்சும் இல்லாமல், பட்டப்பகலில் வந்துவிட்டால்? அப்புறம் யாரைத் திட்டுவது?

பேனாவை மூடி வைத்தார்.

“எதுக்குடா சீட்டு? பிக்கப்பு வேற, கீ வேற, பிரிட்ஜு வேற. இது அந்தக் கிட்டாரே இல்ல. நீயே வச்சிக்க.”

“வாசிச்சாவது பாருடா. கம்பி மாட்ட அர மணி நேரம்தான்.”

“உன் போனு சொல்லித் தரும், நீ வாசி.”

ரேடியோவைத் தூக்கிக்கொண்டார். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாசல் வரை போனவர் நின்றார். வெள்ளிமலை மேடை ஞாபகத்துக்கு வந்தது. புது பிக்கப், காலி வயிறு, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், அந்த நாய் ஊளை. திரும்பி மேசைமேல் கிடந்த பஞ்சையும் கைலித் துணியையும் பார்த்தார்.

“இன்னா?” என்றான் கண்ணாயிரம்.

“ஒண்ணுமில்ல,” என்றார். சொல்லித்தர வேண்டியது ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

வெயில் சுள்ளென்று இருந்தது. சீட்டு இன்னும் கையிலேயே இருப்பது சாலையைத் தாண்டின பிறகுதான் தெரிந்தது. ஒரு பூக்கடை ஓரமாக நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கசக்கிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். கஞ்சிப் பசை வாடை லேசாக அடித்தது.

“கஞ்சி யாரு வூட்லயும்தான் காய்ச்சறாங்க,” என்று சொல்லிக்கொண்டு, சீட்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.