பயன்பாட்டில் இல்லாத பதினொரு கிணறுகள்

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன், பெயர் ஐரின். 2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்து முற்பகல் ஒன்றில் நிகழ்ந்ததை, இயன்றவரை வரிசை பிறழாமல் எழுத முயல்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

என் மாணவி மணிமேகலையின் ஊர் குஜிலியம்பாறைக்குக் கிழக்கே உள்ளது. அவ்வூர் எல்லையில் ஒரு சாயத் தொழிற்சாலை அமையவிருந்தது. அதனால் நிலத்துக்கும் நீருக்கும் என்ன நேரும் என்று ஆராய்ந்து, நிறுவனத்தார் ஓர் அறிக்கை அளித்திருந்தனர். நூற்றெண்பது பக்கங்கள், முழுவதும் ஆங்கிலம். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மணிமேகலையின் தாயார் கருப்பம்மாள் அதன் நகலை மஞ்சள் பையில் போட்டு என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"டீச்சர், இதுல எங்க தோட்டத்தைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அம்புட்டுத்தேன்."

தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் இருந்தது. மொழிபெயர்த்துப் படித்தேன்: ஆலையைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் பதினொரு கிணறுகள் உள்ளன, அனைத்தும் பயன்பாட்டில் இல்லாதவை, ஆதலால் கழிவுநீர்க் குட்டையால் பாசனத்துக்குப் பாதிப்பில்லை.

"என் கிணறுமா?"

"எட்டாவது எண்ணில் இருக்கிறது, அம்மா."

"நேத்துக்கூட மல்லிகைக்குத் தண்ணி பாய்ச்சுனேனே டீச்சர்! அந்தக் கிணறு கெட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

ஆய்வு நடந்த நாள்களைத் தேடி எடுத்தேன். மே எட்டு, ஒன்பது, பத்து. விரல் விட்டு எண்ணிய கருப்பம்மாள் திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடப் பாவிகளா! அது எங்க காளியம்மன் கும்பிடு டீச்சர். அந்த மூணு நாளும் ஊர்ல ஒருத்தரும் மோட்டார் போட மாட்டோம். பூமிக்கும் ஓய்வு, கிணத்துக்கும் ஓய்வு. அன்னைக்கா வந்து பார்த்தாக?"

அறிக்கையில் பொய் இல்லை, பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் வருடத்தில் எந்த மூன்று நாள்களில் பார்க்கக் கூடாதோ, அந்த மூன்று நாள்களில் பார்த்திருந்தார்கள்! கூட்டத்தில் இதைப் பதிவு செய்யாவிட்டால் அந்தத் தொண்ணூற்று நான்காம் பக்கமே நிலைத்துவிடும்.

கூட்டம் ஊர்ப் பள்ளி மைதானத்தில், சாமியானா பந்தலில் நடந்தது. மாவட்ட ஆட்சியரின் சார்பில் ஓர் அதிகாரி தலைமை ஏற்றிருந்தார். என் முறை வந்தபோது ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, பிழையிருப்பின் மன்னிக்க வேண்டும்..." என்று தொடங்கி, ஒருவாறு சொல்லி முடித்தேன்.

நிறுவனத்தின் பொறியாளர் எழுந்தார். "மூணு நாள் நேர்ல நின்னு பார்த்தோம் சார். ஒரு மோட்டார்கூட ஓடலை. வாய்க்கால்ல ஈரமே இல்லை."

பின்வரிசையிலிருந்து கருப்பம்மாளின் கணவர் தங்கமுத்து குரல் கொடுத்தார்: "கல்யாண வீட்டுக்கு வந்துட்டு, இந்த ஊர்ல எவனுமே வேலைக்குப் போறதில்லைன்னு எழுதுவாக போல!"

பந்தலே சிரித்தது. அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கருப்பம்மாளிடம், "இப்போ போட்டா தண்ணி வருமா அம்மா?" என்றார்.

"வரும் சார். ஆனா பன்னெண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு போயிரும். அப்புறம் மோட்டார் ஓடாது."

மணி பதினொன்று முப்பத்தெட்டு.

"மீட்டிங் முடிஞ்சு போய்ப் பார்க்கலாமே சார்" என்றார் பொறியாளர்.

"முடிஞ்சு பார்த்தா அப்பவும் ஓடலைன்னுதேன எழுதுவீக!" என்றார் கருப்பம்மாள்.

அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஜீப்பை எடுங்க!"

ஊரே ஜீப்பின் பின்னால் ஓடியது. என்னையும் உள்ளே ஏற்றிக்கொண்டார்கள். முருங்கைத் தோட்டத்தோடு வண்டிப்பாதை முடிந்துவிட, இறங்கி வரப்பில் ஓடினோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பொறியாளரையும் முந்திக்கொண்டு நான் ஓடினேன் என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மோட்டார் அறையை அடைந்தபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. கருப்பம்மாள் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது.

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

"வால்வு ஒழுகுது, குழாய்ல தண்ணி நிக்கலை!" கருப்பம்மாள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கத்தினார். "ஏலே, கொஞ்சம் சாணியைக் கரைச்சுக் கொண்டாங்க!"

குழாயின் அடியிலுள்ள வால்வின் சந்தில் சாணிக் கரைசல் போய் அடைத்தால் ஒழுக்கு நிற்கும், குழாயில் நீர் நின்றால்தான் மோட்டார் இழுக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் பொறியாளருக்கும் தவிர. தங்கமுத்து வாளியோடு பறந்து வந்தார். குழாயின் மேல்வாயில் ஊற்றினார், நிரம்பியது, மூடியைத் திருகினார். ஐம்பத்தேழு. மறுபடி பொத்தான். உறுமல். ஒரு செருமல். குழாயின் வாயருகே குனிந்து பொறியாளர் உற்றுப் பார்த்தார்.

பொங்கியது தண்ணீர்! முதல் வீச்சு, சாணிப் பச்சையாக, அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அடுத்த வீச்சு பளிங்காகத் தொட்டியில் இறங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் ஆர்ப்பரித்தேன். அதிகாரி கையை நீட்டி நீரை ஏந்திப் பார்த்தார். தொட்டி பாதி நிரம்புகையில் மோட்டார் சட்டென்று அடங்கியது. மணி பன்னிரண்டு.

"எழுதிக்கோங்க" என்றார் அதிகாரி எழுத்தரிடம். "எட்டாம் எண் கிணறு பயன்பாட்டில் உள்ளது. ஆய்வு திரும்பச் செய்யப்பட வேண்டும், ஊராரையும் வைத்துக்கொண்டு. அதுவரை கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

"எழுதுனதைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க சார்" என்றார் கருப்பம்மாள். எழுத்தர் இருமுறை வாசித்தார்.

"எங்க கிணறு மூணாம் நம்பர் சார்!", "எங்களது ஆறாம் நம்பர்!" என்று நாலாபுறமும் குரல்கள் எழுந்தன.

"கரண்டு எப்போ வரும்?" என்று கேட்டார் அதிகாரி.

"காலையில ஆறு மணிக்கு சார்."

"நாளைக்கு ஆறு மணிக்கு இங்கேயே இருப்பேன். மீதிப் பத்தையும் பார்த்துடலாம்."

கருப்பம்மாள் பொறியாளரிடம் திரும்பினார். "நீங்களும் வாங்க சார். காலைச் சாப்பாடு எங்க வீட்டுலதேன். மாத்துச் சட்டை ரெண்டு மூணு எடுத்துக்கிட்டு வாங்க, பத்து கிணறு இருக்குல்ல!"